பார்ப்போரைப் பார்த்தல்: தில்லி நாடக அரங்குகளை முன்வைத்து

தில்லியின் மண்டி ஹவுஸ் வட்டச் சாலையிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் இந்தியாவின் முதன்மையான நாடக அரங்குகள் சில அமைந்துள்ளன. பகவான் தாஸ் சாலையில் தேசிய நாடகப் பள்ளி. கோப்பர்நிக்கஸ் சாலையில் 1971இல் திறக்கப்பட்ட கமானி அரங்கமும் எல்.டி.ஜி. அரங்கமும், சப்தர் ஹாஷ்மி சாலையில் ஸ்ரீராம் மையம், தான்சேன் சாலையில் திரிவேணி கலா சங்கமம். இவற்றில் நிகழ்ந்த நாடகங்களைப் பற்றிய மதிப்புரைகளையும் ஆய்வேடுகளையும் ஓரிடத்தில் சேர்த்தால் ஒரு சிறு நூலகமே உருவாகும். பிரதி, நெறியாள்கை, ஒளியமைப்பு, நடிகரின் உடல்மொழி என மேடையின் ஒவ்வொரு கூறும் அவற்றில் அலசப்பட்டிருக்கும். பார்வையாளருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: அரங்கு நிறைந்திருந்தது, அல்லது நிறையவில்லை.

நாடகம் பார்க்க வந்தவர் பக்கத்து இருக்கையில் இருப்பவரைப் பார்ப்பது கவனச்சிதறல் என்றும் நாகரிகக் குறைவு என்றும் கருதப்படுகிறது. ஆனால் திரைப்படத்திலிருந்து நாடகத்தைப் பிரித்துக் காட்டும் பண்புகளில் முக்கியமானது, அது உயிருள்ள மனிதர்கள் உயிருள்ள மனிதர்களின் முன்னே நிகழ்த்துவது என்பதாகும். இதில் இரண்டாவது கூட்டத்தாரை ஆய்விலிருந்து நீக்கிவிட்டால் எஞ்சுவது பாதி நாடகமே. பார்வையாளர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதும் நாடக நிகழ்வின் உள்ளுறுப்பு. அதை ஒதுக்கியதால் அரங்கும் ஆய்வும் ஒருசேர இழப்புக்கு உள்ளாகியிருக்கின்றன.

பழைய நூல்கள் இவ்வாறு ஒதுக்கவில்லை. பரதரின் நாட்டிய சாஸ்திரம் தன் 27ஆம் அத்தியாயத்தில் ஒரு நிகழ்ச்சியின் வெற்றியை எவ்வாறு அளப்பது என்று விளக்குகிறது. அங்கே அளவுகோல் மேடையில் இல்லை, அவையில் இருக்கிறது. புன்முறுவல், அடக்கிய சிரிப்பு, வெடிச்சிரிப்பு, பாராட்டுச் சொல், வியப்புச் சொல், துயர்க் குரல் ஆகியவை வாக்கால் வெளிப்படும் வெற்றிக் குறிகள். மயிர்க்கூச்செறிதல், இருக்கையை விட்டு எழுதல், மேலாடையை வீசுதல் ஆகியவை உடலால் வெளிப்படுபவை. அரங்கம் நிறைந்து, ஓசையோ குழப்பமோ இன்றி அமைந்திருப்பது தெய்விக வெற்றி. இளைஞர் எதை விரும்புவர், கற்றோர் எதை விரும்புவர், முதியோர் எதை விரும்புவர் என்றும் அந்நூல் வகைப்படுத்துகிறது. நல்ல பார்வையாளருக்குரிய பண்புகளைப் பட்டியலிட்டுவிட்டு, அவை அனைத்தும் ஒருவரிடமே அமைவது இயலாது என்றும் ஒப்புக்கொள்கிறது. அவையைக் கூர்ந்து நோக்கியவர்களால் மட்டுமே இப்படி ஒரு பட்டியலைத் தொகுத்திருக்க முடியும்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மேடையின் நீள அகல உயரங்களைக் கோல் கணக்கில் சொல்கிறது. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைக்கப்பட்டதையும் சொல்கிறது. மாதவியின் ஆடல் முடிந்ததும் பார்வை அவையின் பக்கம் திரும்புகிறது: அரசன் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் அளிக்கிறான். ஆடல் எப்படி இருந்தது என்பதைக் காப்பியம் உறுதிசெய்வது, பார்த்தவன் என்ன செய்தான் என்பதைக் காட்டி. அவையில் யார் பார்க்கிறார்கள், அவர்களுள் யாருடைய பார்வைக்கு எடை உண்டு என்ற கேள்வி அரங்கக் கலையோடு அன்றே பின்னிக் கிடந்தது.

ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இதே நிலைதான். 17ஆம் நூற்றாண்டு லண்டனில் சாமுவேல் பீப்ஸ் எழுதிய நாட்குறிப்பில், மேடையில் நடந்ததற்கு இணையாக அவையில் நடந்ததும் பதிவாகியிருக்கிறது. 1667 பிப்ரவரியில் ஒரு நாடகத்துக்குச் சென்ற அவர், அருகே முகமூடி அணிந்திருந்த ஒரு சீமாட்டியும் சர் சார்லஸ் செட்லியும் நடத்திய சொற்போரைக் கேட்பதிலேயே ஆழ்ந்து நாடகத்தைத் தவறவிட்டார். ஆயினும் அந்தப் பேச்சை ரசித்ததையும் எழுதிவைத்தார். அன்றைய நாடகசாலையில் மெழுகுவர்த்திகள் மேடைக்கும் அவைக்கும் சேர்ந்தே எரிந்தன. 1876இல் பாய்ரூத் நகரில் வாக்னர் தம் இசை நாடக அரங்கைத் திறந்தபோது அவையின் விளக்குகள் ஏறக்குறைய முற்றிலும் தணிக்கப்பட்டன. மின்விளக்கு பரவிய பின் அந்த இருட்டு உலகெங்கும் வழக்கமாயிற்று. இன்று இயல்பாகத் தோன்றும் இருண்ட அவை, இவ்வாறு சுமார் நூற்றைம்பது ஆண்டுப் பழக்கமே.

அதே 1876ஆம் ஆண்டில் இந்தியாவில் வேறொரு காரியம் நடந்தது. ஆங்கிலேய அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. தடைசெய்யப்பட்ட நாடகத்தில் நடித்தவர்களையும் இடம் கொடுத்தவர்களையும் மட்டும் அச்சட்டம் குற்றவாளிகளாக்கவில்லை. தடையை அறிந்தே பார்வையாளராக அமர்ந்திருந்தவரையும் தண்டனைக்குரியவராக்கியது. ஆய்வாளர்கள் கவனிக்கத் தவறிய ஓர் உண்மையைக் காலனிய அரசு தெளிவாக அறிந்திருந்தது: நாடகத்துக்கு வந்து அமர்வது ஒரு செயல். தனியே வீட்டில் அமர்ந்து நாடக நூலைப் படிப்பவரால் விளையாத ஏதோ ஒன்று, பலர் கூடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போது விளைகிறது. அரசு அஞ்சியது அந்த விளைவைக் கண்டுதான்.

விடுதலைக்குப் பிந்தைய தில்லியின் அரங்க வரலாற்றை இந்தக் கோணத்தில் மீண்டும் படிக்கலாம். 1954இல் ஹபீப் தன்வீர், ஜாமியா மில்லியா மாணவர்களையும் அருகிலிருந்த ஓக்லா கிராமத்தாரையும் கொண்டு ‘ஆக்ரா பஜார்’ நாடகத்தை உருவாக்கினார். கவிஞர் நசீர் அக்பராபாதியைப் பற்றிய அந்த நாடகத்தில் கவிஞர் மேடைக்கு வருவதே இல்லை. கடைத்தெரு மட்டுமே இருக்கிறது; வெள்ளரிக்காய் விற்பவனும் பட்டம் விற்பவனும் புத்தகக் கடைக்காரனும் அவர்களை வேடிக்கை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். எந்த நாடகத்திலும் கீழே நின்று பார்க்கக்கூடிய எளிய மக்கள் இங்கே மேலே ஏறினர். பார்ப்போரும் பார்க்கப்படுவோரும் ஒரே மண்ணைச் சேர்ந்தவர்கள் என்பதையே அந்த நாடகம் தன் வடிவமாக்கிக்கொண்டது.

1962 முதல் 1977 வரை தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநராக இருந்த இப்ராஹிம் அல்காசி வேறொரு திசையில் இயங்கினார். 1963இல் தர்மவீர் பாரதியின் ‘அந்தா யுக்’ நாடகத்தை பெரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளுக்கிடையே நிகழ்த்தினார். பின்னர் புராணா கிலாவின் மதில்களை கிரீஷ் கர்னாடின் ‘துக்ளக்’ நாடகத்துக்குப் பின்புலமாக்கினார். ரவீந்திர பவன் வளாகத்தில் ஆலமரத்தடியில் மேகதூத் திறந்தவெளி அரங்கை அமைத்ததும் அவரே. இவற்றைக் காட்சியமைப்பின் சாதனைகளாகவே வரலாறு பேசுகிறது. பார்வையாளரின் பக்கமிருந்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பிரிவினை அகதிகளுக்குப் பெருமுகாமாக இருந்த அதே புராணா கிலாவில், கால் நூற்றாண்டுக்குப் பின், தலைநகரை மாற்றி மக்களை அலைக்கழித்த ஒரு சுல்தானின் கதையைப் பார்க்க வந்தவர்களில், ஒரு காலத்தில் அதே மதிலுக்குள் தஞ்சம் புகுந்த குடும்பத்தினர் இருந்திருக்க மாட்டார்களா? அவர்கள் மேடையைப் பார்த்தார்களா, மதிலைப் பார்த்தார்களா? இதற்கு விடைதேடும் ஆய்வு அந்த நாடகத்தின் பொருளையே விரிவாக்கும்.

இன்றைய மூடிய அரங்குகளில் அவையைக் கவனிப்பவருக்குச் சில செய்திகள் உடனே புலப்படும். முதலாவது, முன்வரிசை. சிறப்பு விருந்தினருக்கென ஒதுக்கப்பட்ட இருக்கைகள், அவர்கள் வரும்வரை தள்ளிப்போகும் தொடக்கம், குத்துவிளக்கேற்றலும் பொன்னாடையும், பாதியில் அவர்கள் எழுந்து செல்லும்போது பின்வரிசையினரின் கண்கள் மேடையை விட்டு அவர்களைத் தொடர்வது. தலைநகரின் அதிகார அடுக்கு அரங்கத்துக்குள் அப்படியே மறுபதிப்பாகிறது. அவை ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எல்லாரும் சேர்ந்து ஒரு சிலரைப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது, சிரிப்பு. 1999இல் தொடங்கப்பட்ட பாரத் ரங் மகோத்சவம் பல மொழி நாடகங்களைத் தில்லிக்குக் கொண்டுவருகிறது. மணிப்புரி நாடகமோ தமிழ் நாடகமோ நடக்கும்போது சிரிப்பு இரண்டு அலைகளாக எழும். மொழி அறிந்தோர் முதலில் சிரிப்பர். அவர்கள் சிரித்ததைக் கண்டோ, பக்கத்திலிருப்பவர் காதோடு சொன்னதைக் கேட்டோ மற்றவர் அடுத்துச் சிரிப்பர். அந்த இடைவெளியில் வேறு எங்கும் எளிதில் வாய்க்காத ஒன்று நிகழ்கிறது. நாள்தோறும் பேருந்திலும் அலுவலகத்திலும் புரியாத மொழியினராக மட்டுமே எண்ணப்பட்ட ஒருவர், அந்த ஒரு கணத்துக்கு அவையின் வழிகாட்டியாகிறார். இந்தி தெரியாதவர் தயங்கி நிற்கும் நகரத்தில் இந்தி மட்டும் அறிந்தவர் தயங்கி, அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார். பன்மொழி நாடு என்ற சொற்றொடருக்கு இதைவிட நேரான செயல்விளக்கம் அரிது. எனினும் எந்த விழா மலரிலும் இது இடம்பெறுவதில்லை.

தில்லித் தமிழரின் நாடக அவைக்கும் இந்த இடத்தில் ஒரு சொல் உரியது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இந்திரா பார்த்தசாரதி போன்றோர் தமிழில் நவீன நாடகம் எழுதிய நகரம் இது. நடுவண் அரசுப் பணிக்கு வந்து கரோல் பாக், ராமகிருஷ்ணபுரம் பகுதிகளில் குடியேறிய குடும்பங்களுக்கு நாடகம் என்பது ஊர்க்காரரைச் சந்திக்கும் இடமாகவும் இருந்தது. யார் வந்திருக்கிறார்கள், யார் வீட்டுப் பிள்ளை வளர்ந்துவிட்டான், யார் ஓய்வு பெற்றுச் சென்னைக்குத் திரும்பப் போகிறார்கள் என்பதெல்லாம் இடைவேளையில் அறியப்படும். நாடகத்தை விடச் சிற்றுண்டியும் ஊர்க்கதையும் முக்கியமாகிவிட்டன என்று சபா அவைகளை நவீன நாடகக்காரர்கள் கேலி செய்வது வழக்கம். கேலியில் நியாயம் உண்டு. ஆனால் அந்நிய நகரில் ஒரு மொழிச் சமூகம் தான் இன்னும் இருக்கிறது என்பதைத் தன் கண்ணால் எண்ணிப் பார்த்துக்கொள்ளும் இடமாகவும் அந்த அவை இருந்தது என்பதைக் கேலி மறந்துவிடுகிறது.

மூடிய அரங்கின் எல்லையைத் துல்லியமாக உணர்த்துவது தெருநாடகம். 1973இல் தில்லியில் உருவான ஜன நாட்டிய மஞ்ச், 1978இல் ‘மெஷீன்’ நாடகத்தோடு தெருவுக்கு இறங்கியது. தெருநாடகம் வட்டத்தின் நடுவே நிகழ்கிறது. வட்டத்தில் நிற்கும் எவரும் நடிகரைப் பார்க்கும்போதே, நடிகரின் தோளுக்கப்பால் எதிர்ப்புறம் நிற்கும் இன்னொரு பார்வையாளரையும் பார்க்கிறார். பகல் வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ள இடமில்லை. கூலி உயர்வு பற்றிய வசனத்துக்கு எதிர்வரிசையில் நிற்பவர் தலையசைத்தால் அது எல்லாருக்கும் தெரியும். முதுகுகளை மட்டுமே காட்டும் அரங்க வரிசைக்கும் முகங்களைக் காட்டும் வட்டத்துக்கும் உள்ள வேறுபாடு வடிவத்தின் வேறுபாடாகத் தொடங்கி அரசியல் வேறுபாடாக முடிகிறது.

1989 ஜனவரி 1 அன்று தில்லியை ஒட்டிய சாகிபாபாத்தின் ஜண்டாபூரில் ‘ஹல்லா போல்’ நாடகம் நடந்துகொண்டிருந்தபோது குழு தாக்கப்பட்டது. தொழிலாளி ராம் பகதூர் கொல்லப்பட்டார். படுகாயமுற்ற சப்தர் ஹாஷ்மி மறுநாள் இறந்தார். ஜனவரி 4 அன்று மலையஸ்ரீ ஹாஷ்மியும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பி நாடகத்தை நடத்தி முடித்தனர். நடிகர்களின் துணிவு நியாயமாகவே போற்றப்படுகிறது. ஆனால் அந்த நாளில் அங்கே வந்து நின்ற பெருங்கூட்டத்துக்கும் அதே துணிவு வேண்டியிருந்தது. மூன்று நாள்களுக்கு முன் கொலை நடந்த இடத்தில் வெளிச்சத்தில், பிறர் அடையாளம் காணும்படி நிற்பது எளிதன்று. நாடகத்தைப் பார்க்க மட்டும் அவர்கள் வந்திருக்க முடியாது; தாங்கள் வந்திருப்பதை ஒருவருக்கொருவர் காட்டவும் வந்தார்கள். பார்வையாளர் என்ற சொல்லின் முழுப் பொருளும் அன்று வெளிப்பட்டது. இன்று சப்தரின் பெயர் தாங்கிய சாலையில் உள்ள குளிரூட்டப்பட்ட அரங்கில், அருகிலிருப்பவர் யார் என்று அறியாமலே ஒருவர் நாடகம் பார்த்துத் திரும்பிவிட முடிகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. எல்லாப் பார்வையும் தோழமைப் பார்வை ஆகாது. ஆலை வாயிலில் கூடும் வட்டத்தில் பெரும்பாலும் ஆண்களே நிற்கிறார்கள். அங்கே தனியே வந்து நிற்கும் ஒரு பெண்ணின் மேல் விழும் பார்வைகளில் பல, நாடகத்தோடு தொடர்பற்றவை. அத்தகைய ஒருவருக்கு அரங்கின் இருட்டு ஒரு பாதுகாப்பு. இரண்டு மணி நேரம் எவராலும் பார்க்கப்படாமல் தான் மட்டும் பார்க்கக் கிடைத்த அரிய உரிமை. தமிழ்நாட்டுக் கூத்து அவைகளை எண்ணினாலும் இதுவே தெரியவரும். விடியும்வரை விளக்கொளியில் ஊரே கூடியிருந்தது உண்மை. யார் எங்கே அமரலாம் என்பதைச் சாதியும் பாலினமும் வகுத்து வைத்திருந்ததும் உண்மை. ஒருவரையொருவர் நன்றாகப் பார்க்க முடிந்த அந்த அவையில், பார்வையே வேலியாகவும் இருந்தது. நுழைவுச் சீட்டு வாங்கிய எவரும் எங்கும் அமரலாம் என்ற நவீன அரங்கின் விதி, அதன் இருட்டோடு சேர்ந்து, ஒரு விடுதலையாகவே பலருக்கு வந்து சேர்ந்தது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழாக் ரான்சியேர் 2008இல் வெளியிட்ட நூலில், இருக்கையில் அசையாமல் அமர்ந்திருப்பவரைச் செயலற்றவர் என்று கருதுவதையே மறுத்தார். பார்ப்பவர் ஒப்பிடுகிறார், தேர்ந்தெடுக்கிறார், தம் அனுபவத்தோடு இணைத்துத் தமக்கென ஒரு நாடகத்தை உருவாக்குகிறார் என்பது அவருடைய வாதம். இதை ஏற்றுக்கொண்டாலும் ஒரு கேள்வி எஞ்சும். முந்நூறு பேர் முந்நூறு நாடகங்களை மனத்துக்குள் உருவாக்கி, ஒருவர் மற்றவரது நாடகத்தை அறியாமலே கலைந்து செல்வதற்கு ஒரே கூரையின் கீழ் கூடியது எதற்கு? இருட்டு தரும் பாதுகாப்பை இழக்காமல், வெளிச்சம் தரும் அறிமுகத்தைப் பெறுவதே அரங்கின் முன்னுள்ள உண்மையான சிக்கல். இதை இருட்டா வெளிச்சமா என்ற இருமையாகச் சுருக்க வேண்டியதில்லை.

தீர்வுகள் எளியவை, செலவும் குறைவு. அதிகாரிகளுக்கென முன்வரிசையை ஒதுக்கும் வழக்கத்தைக் கைவிடலாம். முதலில் வந்தவர் முன்னே அமரட்டும். திரை விழுந்ததும் வாயிற்கதவைத் திறந்து கூட்டத்தை வெளியேற்றாமல், அவை விளக்குகளை ஏற்றிக் கால் மணி நேரமாவது பேச விடலாம். பேச்சை நெறியாளரே ஆக்கிரமிக்காமல், பார்த்தவர்கள் பார்த்தவர்களோடு பேசும் வாய்ப்பாக அது அமைய வேண்டும். மேகதூத் போன்ற திறந்தவெளிகளிலும் சுற்றி அமரக்கூடிய சிறு அரங்குகளிலும் கூடுதல் நாடகங்கள் நிகழலாம்.

ஆய்வுலகத்தின் கடமை இதைவிடக் கடினமானது. நாடக ஆவணக் காப்பகங்களில் உள்ள ஒளிப்பதிவுகளைப் பார்த்தால், கேமரா எப்போதும் மேடையை நோக்கியே நிற்கும். பின்னாளில் வரும் ஆய்வாளருக்கு இருமலும் சிரிப்பும் கைத்தட்டலும் ஒலியாக மட்டும் எஞ்சும். எழுப்பியவர் யார் என்பது தெரியாது. அதற்காகக் கேமராவை அவையின் பக்கம் திருப்புவது விடையாகாது. முகங்களைச் சேகரிப்பது கண்காணிப்பாகிவிடும். 1876ஆம் ஆண்டுச் சட்டம் பார்வையாளரைக் கண்டது அப்படித்தான். கைப்பேசியை உயர்த்திப் பக்கத்து இருக்கையைப் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் இடுவதும் அதே இனத்தைச் சேர்ந்ததே. கண்ணால் கவனித்து எழுத்தில் வைப்பதற்கும் படமெடுத்து அடையாளம் காட்டுவதற்கும் உள்ள அறவேறுபாடு பேணப்பட வேண்டும்.

எழுத்தில் வைக்கக்கூடியவை பல. எந்த மொழிகள் அவையில் கேட்டன. எந்த இடத்தில் சிரிப்பு எழுந்தது, எங்கே எழ வேண்டிய சிரிப்பு எழவில்லை. இடைவேளைக்குப் பின் எத்தனை இருக்கைகள் காலியாயின. நுழைவுக் கட்டணம் எவ்வளவு, அதைக் கொடுக்க இயலாதவர் எங்கே நின்றனர். இரவில் நாடகம் முடிந்ததும் மெட்ரோ நிலையத்தை நோக்கி விரைந்தவர்கள் யார், தங்கள் காருக்காகக் காத்திருந்தவர்கள் யார். பெயரோ முகமோ இல்லாமலே இவை ஒரு நகரத்தின் நாடக வரலாறாக அமையும். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் தில்லியின் பிற கல்வி நிறுவனங்களிலும் அரங்கியல் பயிலும் மாணவர்கள், தாங்கள் எழுதும் ஒவ்வொரு நிகழ்த்து ஆய்விலும் ஓர் இயலை அவைக்கு ஒதுக்கினால் பத்தாண்டுகளில் வேறெங்கும் இல்லாத ஓர் ஆவணத் தொகுதி உருவாகும்.

கூடுவதற்கான இடங்கள் சுருங்கிவரும் தலைநகரம் தில்லி. போராட்டத்துக்கு இடம் ஒதுக்கப்படுகிறது, அனுமதி கேட்கப்படுகிறது, தடை உத்தரவு போடப்படுகிறது. அறியாத மனிதர்கள் அச்சமின்றி அருகருகே அமர்ந்து, ஒரே நிகழ்வுக்கு வெவ்வேறு விதமாக முகம் மாறுவதை ஒருவரிடம் ஒருவர் காணக் கிடைக்கும் இடங்களில் நாடக அரங்கும் ஒன்று. அந்த முகங்களைக் குறித்துவைக்கும் வேலையை நாடக ஆய்வு இன்னும் தொடங்கவே இல்லை.